நான் என்னும் வரம்பு

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அட்டாளைச்சேனையில் தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும் ஒரு பையனைப் பெரியவர் யாராவது நிறுத்தினால், பெயருக்கு முன்பே வரும் கேள்வி, "ஆர்ர மகன்டா நீ?" பையன் வாப்பாவின் பெயரைச் சொல்வான். அது போதாவிட்டால் உம்மாவின் வீடு எந்த ஒழுங்கையில், மூத்தம்மா யார், என்ன குடி என்று விசாரணை நீளும். நாலைந்து கேள்விகளுக்குள் பையன் பிடிபட்டுவிடுவான். "அப்ப நீ நம்மட புள்ளதான்" என்று தலையைத் தடவி அனுப்பிவிடுவார். அவனுடைய பெயர் கடைசிவரை தேவைப்பட்டிருக்காது.

இந்தக் கரையோரத்தில் குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியாக வருவது. பிள்ளை உம்மாவின் குடியைச் சேரும். வீடு மகளுக்குப் போகும். கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்கு வந்து சேர்வான். அவன் பெயருக்கு முன்னால் நிற்பதோ வாப்பாவின் எழுத்து. தான் யாரென்று சொல்ல அவன் மூன்று வீடுகளைச் சுட்டவேண்டும். 1969 முதல் அக்கரைப்பற்றில் கள ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, இங்குள்ள தமிழரும் முஸ்லிம்களும் இந்தத் தாய்வழிக் குடிமுறையைப் பகிர்ந்துகொண்டு வாழ்வதை விரிவாக எழுதியிருக்கிறார்.

மேலைநாட்டு உளவியல் நெடுங்காலம் எதிர்த் திசையிலிருந்தே தொடங்கியது. ஒவ்வொரு தலைக்குள்ளும் தனியாக ஒரு 'நான்' குடியிருக்கிறது. பார்ப்பதும் கேட்பதும் முடிவெடுப்பதும் அதுவே. உறவுகள் பிறகு வந்து ஒட்டிக்கொள்பவை என்று அது எண்ணியது. உண்மையில் நம் எல்லோருக்குமே உள்ளுக்குள் அப்படித்தான் தோன்றுகிறது. கண்களுக்குச் சற்றுப் பின்னால் யாரோ அமர்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற உணர்வு எல்லோருக்கும் உண்டு. கடந்த ஐம்பது அறுபது ஆண்டு மூளை ஆராய்ச்சி அந்த ஆளைத் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறது.

அந்தத் தேடலில் மறக்க முடியாத ஒரு காட்சி 1970களில் நடந்தது. கட்டுக்கடங்காத வலிப்பு நோய்க்கு அக்காலத்தில் ஒரு சத்திரசிகிச்சை இருந்தது. மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றையை வெட்டிவிடுவார்கள். இத்தகைய நோயாளிகளை ஆராய்ந்ததற்காக ரோஜர் ஸ்பெரி 1981இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய மாணவர் மைக்கேல் கசனிகாவும் ஜோசப் லெடூவும் அப்படியான ஓர் இளைஞனின் இடப்பாதி மூளைக்கு மட்டும் தெரியும்படி ஒரு கோழிக்காலின் படத்தையும், வலப்பாதிக்கு மட்டும் தெரியும்படி பனி கொட்டிக் கிடக்கும் ஒரு வீட்டின் படத்தையும் காட்டினார்கள். பிறகு பல படங்களைப் பரப்பி, பொருத்தமானதை எடுக்கச் சொன்னார்கள். வலக்கை கோழியை எடுத்தது. இடக்கை சவலை எடுத்தது. பனி வாரச் சவல் வேண்டும் என்பது வலப்பாதிக்குத் தெரியும், ஆனால் அதனால் பேச முடியாது. பேசும் இடப்பாதி பனியைக் காணவே இல்லை. ஏன் சவலை எடுத்தாய் என்று கேட்டபோது இளைஞன் தயங்கவில்லை. கோழிக்கூட்டைத் துப்புரவாக்கச் சவல் வேண்டுமே என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. தன் கை செய்துவிட்ட வேலைக்கு அவனுடைய மூளை அந்த நொடியிலேயே ஒரு காரணம் கட்டிக் கொடுத்தது, அவனும் அதை மனதார நம்பினான். இந்த வேலையைச் செய்யும் மூளைப் பகுதிக்குக் கசனிகா 'விளக்கம் சொல்பவன்' என்று பெயரிட்டார். நரம்புக் கற்றை வெட்டப்படாத நம் தலைக்குள்ளும் அது ஓயாமல் வேலை செய்கிறது என்பது அவர் கருத்து. நடந்து முடிந்தவற்றையெல்லாம் எடுத்து "நான் இதற்காகத்தான் செய்தேன்" என்று ஒரே கதையாகக் கோத்துவிடுகிறது. 'நான்' என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்தக் கதைதான்.

மனதின் கதை இப்படியென்றால், உடலாவது உறுதியாக நம்முடையதா? 1998இல் மத்தியூ பொட்வினிக், ஜொனதன் கோஹன் என்ற இருவர் அதையும் அசைத்துப் பார்த்தார்கள். செலவே இல்லாத சோதனை, பாடசாலையிலும் செய்யலாம். உங்கள் இடக்கையை மேசைமேல் வைத்து, அது உங்களுக்குத் தெரியாதபடி நடுவில் ஒரு மறைப்பு வைக்கவேண்டும். உங்கள் கண்முன்னே ஓர் இறப்பர் கை. நண்பர் ஒருவர் இரண்டு சின்னத் தூரிகைகளை எடுத்து, மறைந்திருக்கும் உங்கள் விரலையும் இறப்பர் விரலையும் ஒரே இடத்தில், ஒரே தாளத்தில் வருடவேண்டும். நேரம் போகப்போக வருடல் இறப்பர் விரலில் உணரப்படத் தொடங்கும். கண்ணை மூடிக்கொண்டு உன் இடக்கை எங்கே என்று காட்டு என்றால், உண்மையான கையிலிருந்து விலகி, இறப்பர் கையின் பக்கமாகக் காட்டுவீர்கள். தூரிகைகளின் தாளம் தவறினால் அந்த உணர்வு பிடிக்காது.

2013இல் இங்கிலாந்தில் லாரா மெய்ஸ்டர், மனோஸ் சாக்கிரிஸ் முதலானோர் இதே சோதனையை வெள்ளை நிறத்தவர்களிடம் கறுப்பு நிற இறப்பர் கையைக் கொண்டு செய்தார்கள். அந்தக் கறுப்புக் கையைத் தங்கள் கையாக எவ்வளவு ஆழமாக உணர்ந்தார்களோ, அவ்வளவுக்குக் கறுப்பினத்தவர் மீது அவர்களுக்குள் அறியாமல் கிடந்த பாரபட்சம் குறைந்தது. அறிவுரை, விவாதம் எதுவும் நடக்கவில்லை. தூரிகை மட்டுமே. எனக்கு இந்த முடிவு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானதாகப் படுகிறது. 'என் கை எது' என்பதும் 'என் ஆள் யார்' என்பதும் மூளைக்குள் பக்கத்துப் பக்கத்து வீடுகள் என்று அது காட்டுகிறது.

அட்டாளைச்சேனையின் வயல்வெளியான வட்டையில் இறங்கி நடந்தவர்களுக்கு இந்த 'நான்' எப்படிப்பட்டது என்று சொல்வது இலகு. வயலுக்கு வரம்பு வேண்டும். அது இல்லாவிட்டால் தண்ணீர் நிற்காது, நெல் விளையாது. ஆனால் வரம்பு நிலத்தோடு பிறந்ததல்ல. அந்த நிலத்து மண்ணையே வெட்டி எடுத்து, அந்த நிலத்தின்மேலேயே ஒவ்வொரு போகமும் கட்டுகிறோம். கட்டாமல் விட்டால் இரண்டு மழையில் கரைந்துவிடும். மூளையும் 'நான்' என்ற வரம்பை நொடிக்கு நொடி அப்படித்தான் கட்டிக்கொண்டிருக்கிறது. நான் என்பது மாயை என்று விஞ்ஞானிகள் சொல்லும்போது, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. அது நிலையாய் நிற்கும் பொருள் அல்ல, இடைவிடாமல் நடக்கும் வேலை என்கிறார்கள். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ரூஹைப் பற்றி, அதாவது ஆன்மாவைப் பற்றி, இந்தச் சோதனைகள் எதுவும் பேசவில்லை; அது அவற்றின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இந்தக் கரையோரத்துக்கு இதெல்லாம் புதுச் செய்தியும் அல்ல. அட்டாளைச்சேனையிலிருந்து மேற்கே வயல்களைத் தாண்டிப் போனால் தீகவாபித் தூபி வரும். கிறிஸ்துவுக்கு முன் 2ஆம் நூற்றாண்டில் சத்தாதிஸ்ஸ மன்னன் கட்டியதாகச் சொல்லப்படும் அந்த இடத்தில், நிலையான 'நான்' இல்லை என்ற புத்தரின் போதனை ஓதப்பட்டு வந்திருக்கிறது. வடக்கே காரைதீவு, 1892இல் சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊர்; விஞ்ஞானப் பட்டதாரியாக இருந்து துறவியான அவர், தனித்தனி 'நான்' உண்மையல்ல என்னும் அத்வைத மரபைச் சேர்ந்தவர். இன்னும் வடக்கே கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளியில் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேறுகிறது. அந்த ஸூஃபி மரபு 'நான், நான்' என்று முந்திக்கொண்டு நிற்கும் நப்ஸை அடக்குவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டது. மூன்று வழிகளும் சேருமிடம் ஒன்றல்ல. ஆனால் மூன்றும் சந்தேகப்பட்ட ஆள் ஒருவனே.

2004 டிசம்பர் 26ஆம் தேதி காலை, கடல் இந்தக் கரைமேல் ஏறியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மௌத்தானார்கள். நாட்டிலேயே அதிக உயிரிழப்பு இங்கேதான். அன்று கல்முனையில் இடிபாடுகளுக்கிடையே உயிரோடு கிடைத்த, சில மாதமேயான ஓர் ஆண் குழந்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டது. யார் பிள்ளையென்று சொல்ல அங்கே யாரும் இல்லை. அன்று அனுமதிக்கப்பட்டவர்களின் பதிவில் அது 81ஆவது என்பதால், '81ஆம் இலக்கக் குழந்தை' என்றே உலகம் முழுவதும் அறியப்பட்டது. ஒன்பது தாய்மார் உரிமை கோருவதாகப் பத்திரிகைகள் எழுதின. சட்டப்படி உரிமை கோரியது ஒரேயொரு தம்பதிதான். நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்கு உத்தரவிட, 2005 பெப்ரவரி நடுப்பகுதியில் குழந்தை பெற்றோரின் கைக்கு வந்து சேர்ந்தது.

அந்த வயதுக் குழந்தைக்குத் தான் யாரென்று தெரியாது. முகத்தில் பொட்டு வைத்துக் கண்ணாடி முன் விட்டால், அது தன் முகம்தான் என்று புரிந்து தன் முகத்தையே தொட்டுப் பார்க்கும் திறன் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குள்தான் வருகிறது. பியூலா ஆம்ஸ்டர்டாம் 1972இல் இதைச் சோதித்துக் காட்டினார். அப்படியானால் அந்த ஏழு வாரங்களும் கல்முனை ஆஸ்பத்திரியில் அந்தப் பிள்ளையின் 'நான்' எங்கே இருந்தது? தாதியர்மாரின் மடியில் இருந்தது, பிள்ளையைத் தேடி அலைந்த தாயின் நெஞ்சில் இருந்தது. நாம் எல்லோரும் அப்படித்தான் தொடங்கினோம். நம்மை நமக்குத் தெரிவதற்கு வெகு முன்பே யாரோ நம்மை அறிந்து, பெயர் சொல்லி அழைத்து, பால் கொடுத்து வைத்திருந்தார்கள்.

சுனாமிக்குப் பிறகு உலகெங்கிலுமிருந்து மனநல உதவியாளர்கள் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களில் பலர் கையில் கொண்டுவந்த கேள்விக்கொத்து ஒவ்வொருவரின் தலைக்குள்ளும் எட்டிப் பார்ப்பதற்கானது. கெட்ட கனவு வருகிறதா, அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறதா என்ற மாதிரி. கலிபோர்னியாவில் பேராசிரியராக இருந்த உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோ, இலங்கையர்களிடமே அவர்களுடைய துன்பம் என்னவென்று கேட்டுப் பார்த்தார். வேறு வகையான பதில்கள் வந்தன. குடும்பத்துக்குள் தன் பங்கைச் செய்ய முடியாமல் போனது, அயலவரோடு இருந்த உறவு அறுந்தது, ஊருக்குள் தன் இடம் இல்லாமல் போனது ஆகியவையே காயமாகச் சொல்லப்பட்டன. உள்ளே ஒரு காயம், அதன் விளைவாக வெளியே உறவுச் சிக்கல் என்று பிரித்து அவர்கள் பேசவில்லை. இதை அறியாமை என்று எடுத்துக்கொண்ட வெளிநாட்டவர்களும் இருந்தார்கள். என் கணிப்பில், ஆய்வுக்கூடங்கள் அரை நூற்றாண்டு பாடுபட்டு வந்தடைந்த இடத்தில் இந்த மக்கள் ஏற்கனவே நின்றுகொண்டிருந்தார்கள். "ஆர்ர மகன்?" என்று கேட்கும் ஊரில், மகனை இழந்த தகப்பனுக்குத் தன்னில் ஒரு பகுதியே போய்விடுகிறது.

வரம்பு கரைந்த நாட்களாகவும் அவை இருந்தன. தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் பிள்ளையை ஒருவர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், ஒருவருக்கொருவர் உடுப்பும் உணவும் கொடுத்தார்கள். உள்ளேயுள்ள ஊர்களிலிருந்து சிங்கள மக்கள் சோற்றுப் பார்சல்களோடு வந்தார்கள். எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து இந்தச் சமூகங்களுக்கிடையே எவ்வளவு இரத்தம் சிந்தியிருக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு இதன் எடை புரியும். இது எப்படி நடக்கிறது?

இங்கிலாந்தில் மார்க் லெவினும் கூட்டாளிகளும் 2005இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு அருகில் வருகிறது. மான்செஸ்டர் யுனைட்டட் ரசிகர்களை ஓர் ஆய்வுக்கு அழைத்து, தங்கள் அணியைப் பற்றிச் சிறிது எழுதவைத்தார்கள். பிறகு பக்கத்துக் கட்டடத்துக்கு நடந்து போகச் சொன்னார்கள். வழியில் ஓடிவரும் ஒருவர் வழுக்கி விழுந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார். அவர் மான்செஸ்டர் சட்டை போட்டிருந்தால் ஏறக்குறைய எல்லோரும் நின்று உதவினார்கள். பரம எதிரியான லிவர்பூல் சட்டையென்றால் மூன்றில் ஒரு பங்கினர்கூட நிற்கவில்லை. அடுத்த முறை வேறு ரசிகர்களை அழைத்து, 'உதைபந்தாட்ட ரசிகனாக இருப்பது' பற்றி எழுதவைத்தார்கள். இப்போது லிவர்பூல் சட்டைக்காரருக்கும் பத்தில் ஏழு பேர் உதவினார்கள். ரசிகர்களின் குணம் மாறவில்லை. சிறிது நேர எழுத்தில் 'நாங்கள்' என்ற வரம்பு தள்ளிப்போனது. சுனாமியன்று கடல் அதே வேலையைச் செய்தது. அலைக்கு முன்னால் எல்லோரும் ஒரே சட்டைதான். ஆனால் அந்த ஆய்வின் இன்னொரு முடிவையும் மறைக்கக்கூடாது. இரண்டாம் முறையும் சாதாரணச் சட்டை போட்டு விழுந்தவருக்குச் சிலரே உதவினார்கள். வரம்பு நகர்ந்தது, அதற்கு வெளியே இன்னும் ஆள் இருந்தார்.

வரம்பைத் திரும்பக் கட்டுவதற்கும் அதிகம் தேவையில்லை. பிரிஸ்டலில் ஹென்றி தஜ்ஃபெல் 1971இல் வெளியிட்ட ஆய்வில், பாடசாலைப் பையன்களை இரண்டு ஓவியர்களில் யாருடைய படம் பிடிக்கும் என்று கேட்டு, அதன்படி பிரிப்பதாகச் சொல்லி இரண்டாகப் பிரித்தார். உண்மையில் பிரித்தது கண்ணை மூடிக்கொண்டுதான். அந்த அற்பக் காரணம் போதுமாக இருந்தது. பணத்தைப் பங்கிடச் சொன்னபோது பையன்கள் தங்கள் பக்கத்துக்கே அதிகம் கொடுத்தார்கள். தஜ்ஃபெல் நாஜிகளின் இனப்படுகொலையில் குடும்பத்தை இழந்த போலந்து யூதர். மனிதர் இப்படிப் பிரிவது ஏன் என்ற கேள்வியை அவர் விளையாட்டுக்காகக் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்திலும் வரம்பு திரும்பக் கட்டப்பட்டது. அட்டாளைச்சேனைக்கு வெகு தூரமில்லாத நுரைச்சோலையில் (புத்தளத்து நுரைச்சோலை வேறு) சுனாமியில் வீடிழந்தவர்களுக்காகச் சவூதி அரேபியாவின் நிதியில் 500 வீடுகள் கட்டப்பட்டன. அவை தீகவாபிப் புனித பூமிக்கு உரிய நிலத்தில் முஸ்லிம்களுக்கு மட்டும் கொடுக்கப்படுகின்றன என்று எதிர்ப்பு எழுந்து, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. இன விகிதப்படியே பகிரவேண்டும் என்ற 2009ஆம் ஆண்டுத் தீர்ப்போடு பகிர்வு நின்றது. ஆண்டுக்கணக்காக அந்த வீடுகள் ஆளில்லாமல் கிடந்து பற்றை மண்டின. வீடில்லாதவர்கள் ஒரு பக்கம், ஆளில்லாத வீடுகள் மறுபக்கம். இதைப் பார்த்து வயிறு எரியாமல் எழுத என்னால் முடியவில்லை. 2004 டிசம்பரில் சோற்றுப் பார்சலோடு வந்த அதே மனிதர்களின் மூளைதான் இதையும் செய்தது.

பேரழிவு வந்துதான் வரம்பு திறக்கவேண்டும் என்றால் நமக்கு விமோசனமில்லை. நல்ல வேளையாக, வயல்காரர் தண்ணீர் பாய்ச்ச வரம்பை உடைப்பதில்லை, அதிலுள்ள நீர்வாயான வக்கடையைத் திறக்கிறார். சின்ன உபகாரங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. எலிசபெத் டன், லாரா அக்னின், மைக்கேல் நோர்ட்டன் மூவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், கனடாவின் வான்கூவரில் சிலருக்குக் காலையில் 5 டொலரோ 20 டொலரோ கொடுத்து, அன்று மாலைக்குள் சிலர் தமக்காகவும் சிலர் பிறருக்காகவும் செலவழிக்கும்படி சொன்னார்கள். பிறருக்குச் செலவழித்தவர்களே மாலையில் அதிக மகிழ்ச்சியோடு இருந்தார்கள். தொகை எவ்வளவு என்பது பொருட்டாகவே இல்லை. மற்றவர்களிடம் முன்கூட்டிக் கேட்டபோது பெரும்பாலோர் நேர்மாறாகவே ஊகித்தார்கள்.

ஊகம் பிழைக்கும் இந்த இடம்தான் முக்கியம். அமித் குமாரும் நிக்கலஸ் எப்லியும் சிக்காகோவில் ஒரு பனிச்சறுக்கு மைதானத்தில், குளிரில் நின்றவர்களுக்கு ஒரு கோப்பை சூடான சாக்லேட் கொடுத்தார்கள். நீங்களே குடிக்கலாம், அல்லது முன்பின் தெரியாத ஒருவருக்குக் கொடுக்கச் சொல்லலாம் என்றார்கள். பெரும்பாலோர் கொடுத்தார்கள். வாங்கியவர் எவ்வளவு சந்தோசப்படுவார் என்று கொடுத்தவர்கள் மதிப்பிட்டது, வாங்கியவர்கள் உண்மையில் அடைந்ததைவிடக் குறைவாக இருந்தது. கொடுப்பவரின் கணக்கில் ஒரு கோப்பைப் பானம். வாங்குபவரின் கணக்கில், தன்னை ஓர் ஆளாக மதித்த ஒருவர். வேறொரு சோதனையில், இப்படி ஒரு சின்னக் கேக்கைப் பெற்றவர்கள் பிறகு மூன்றாம் ஒருவரோடு பணம் பங்கிடும்போது தாராளமாக நடந்தார்கள். இந்தத் தவறான மதிப்பீடே எத்தனையோ முறை நம் கையைப் பின்னுக்கு இழுக்கிறது. இதைக் கொடுத்தால் என்ன நினைப்பார்களோ, இது ஒரு பெரிய விசயமா என்று. பெருநாளைக்கு வட்டிலப்பமும் பொங்கலுக்குப் பொங்கலும் மதிலுக்கு மேலால் கைமாறும் வீடுகளில் யாரும் இப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. பழக்கம் அவர்களை அந்தத் தயக்கத்திலிருந்து காப்பாற்றிவிடுகிறது.

சஹனையும் அப்படியான ஒரு பழக்கமாகவே நான் பார்க்கிறேன். கலியாணத்திலோ கந்தூரியிலோ பாய் விரித்து, ஆறு பேர் வட்டமாக உட்கார, நடுவில் ஒரு பெரிய தட்டு. நெய்ச்சோறு, அதன்மேல் இறைச்சி, கோழி, கத்தரிக்காய். யாரோடு உட்காரப் போகிறோம் என்று பலநேரம் தெரியாது. உட்கார்ந்ததும் எழுதப்படாத சட்டங்கள் தொடங்கிவிடும். அவரவர் தன் முன்னாலிருந்தே பிசைந்து வரவேண்டும். நல்ல துண்டு தன் பக்கம் வந்தால் பிய்த்து மற்றவர் பக்கம் தள்ளிவிடுவார்கள். வயதானவர் மெதுவாகச் சாப்பிட்டால் மற்ற ஐவரின் கையும் தானாக மெதுவாகும். ஒருவர் முடித்தாலும் எழும்பாமல் கையைத் தட்டில் வைத்துக்கொண்டிருப்பார். சாப்பாடு முடியும்வரை பிறர் கை எங்கே போகிறது என்று ஒவ்வொரு கண்ணும் கவனித்துக்கொண்டே இருக்கும்.

கெய்ட்லின் வூலி, அயலெட் ஃபிஷ்பாக் இருவரும் 2019இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கவனிப்பைப் பற்றியதுதான். முன்பின் அறியாதவர்களை இருவர் இருவராக உட்காரவைத்து, சிலருக்கு ஒரே கிண்ணத்தில் தீனியும் சிலருக்குத் தனித்தனிக் கிண்ணத்தில் அதே தீனியும் கொடுத்தார்கள். பிறகு ஒருவரை முதலாளி தரப்பாகவும் மற்றவரைத் தொழிலாளர் தரப்பாகவும் வைத்துச் சம்பளப் பேரம் பேசவைத்தார்கள். ஒரே கிண்ணத்தில் கை வைத்தவர்கள் விரைவில் உடன்பட்டார்கள். மற்றவர் எவ்வளவு எடுத்தார், எப்போது எடுக்கிறார் என்று பார்த்துத் தன் கையை இசைய வைப்பது பேரத்திலும் தொடர்ந்தது என்பது அவர்களுடைய விளக்கம்.

அட்டாளைச்சேனைக்குப் பக்கத்தில், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. முஸ்லிம், தமிழ், சிங்கள மாணவர்கள் அங்கே படிக்கிறார்கள். இந்த ஆய்வை இரண்டு பேருக்குப் பதில் ஆறு பேரைக் கொண்டு, கிண்ணத்துக்குப் பதில் சஹனைக் கொண்டு செய்து பார்க்க உலகில் இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் ஒவ்வொரு சமூகத்திலிருந்தும் இருவர். தட்டில் மாட்டிறைச்சி இருக்கக்கூடாது, கோழி ஹலாலாக இருக்கவேண்டும், மரக்கறி மட்டும் சாப்பிடுபவர் ஒருவர் வந்தால் அன்றைக்கு அறுவருக்குமே மரக்கறி. இந்த ஏற்பாடுகளை யார் யாரோடு பேசி முடிவு செய்கிறார்கள் என்பதையும் ஆய்வாளர் முதல் நாளிலிருந்தே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.